இந்த மாதப் பாடம்: மகள் வேதியியல் படிக்கட்டுமா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம்ம குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன், வட்டி பேசி முடித்ததும் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "பொண்ணு பாஸ் பண்ணிட்டா, அடுத்து என்ன போடறது?" என்பதுதான் அது. நர்சிங், இன்ஜினியரிங், ஆசிரியர் பயிற்சி இவையெல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். ஆனால் "வேதியியல் கிடைச்சிருக்கு" என்று பிள்ளை சொன்னால் அம்மாமார்கள் திகைத்துப் போகிறார்கள். ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா நேராகவே கேட்டார்: "கெமிஸ்ட்ரி படிச்சா என்ன மேடம் ஆகும்? மெடிக்கல் கடை வைக்கலாமா? இல்லேன்னா அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்துடலாம்னு வீட்டுல சொல்றாங்க."

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாததால் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. பதில் தெரியாமலே கடன் வாங்கி, தேவையில்லாத படிப்பில் பணத்தைப் போட்ட குடும்பங்களும் உண்டு. அதனால் இந்த மாதம் பி.எஸ்சி. வேதியியல் பற்றிப் படிப்போம். குழுவில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வேதியியல் என்றால் என்ன?

ஒரு பொருள் எதனால் ஆனது, இன்னொரு பொருளோடு சேர்ந்தால் என்னவாக மாறும், அதில் எது எவ்வளவு இருக்கிறது - இதைப் படிப்பதுதான் வேதியியல். இது நமக்குப் புதிது இல்லை. பாலில் உறை ஊற்றினால் தயிராவது வேதியியல். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டால் கறை சிவப்பாக மாறுகிறதே, அதுவும் வேதியியல்தான். சோப்பு காரத்தன்மை உள்ளது. மஞ்சள் காரம் பட்டால் நிறம் மாறும்.

சோப்பு தயாரிக்கும் குழுக்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். 1 கிலோ தேங்காய் எண்ணெயை முழுதும் சோப்பாக்கச் சுமார் 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு பாமாயிலுக்குச் சுமார் 140 கிராம் போதும். எண்ணெய் மாறினால் கணக்கு மாறும். கணக்குத் தெரியாமல் தேங்காய் எண்ணெயின் அளவையே பாமாயிலுக்கும் போட்டால் காரம் மிஞ்சி, குளிப்பவர் தோல் எரியும். குறைத்துப் போட்டால் சோப்பு பிசுபிசுக்கும். இந்த அளவு ஏன் எண்ணெய்க்கு எண்ணெய் மாறுகிறது என்பதைத்தான் கல்லூரியில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் தொடங்கிய பிறகு, ஊருக்கு 5 பெண்களுக்குக் குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். நம்ம உறுப்பினர்கள் சிலரும் அதில் போனார்கள். குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களே, அதுவே வேதியியல் பரிசோதனைதான். ஆக "நமக்கெல்லாம் இது புரியாது" என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

2. மூன்று வருடத்தில் என்ன படிப்பார்கள்?

பி.எஸ்சி. மூன்று வருடம், ஆறு செமஸ்டர். பிளஸ் டூவில் வேதியியல் எடுத்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்கள் இவை:

* கனிம வேதியியல் - உப்புகள், உலோகங்கள், தாதுக்கள்
* கரிம வேதியியல் - எண்ணெய், மருந்து, சாயம், பிளாஸ்டிக் போன்றவை
* இயற்பிய வேதியியல் - வெப்பம், மின்சாரம், வினை நடக்கும் வேகம். இதில் கணக்கு நிறைய வரும்
* பகுப்பாய்வு வேதியியல் - ஒரு பொருளில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது

இதோடு தமிழ், ஆங்கிலம், துணைப்பாடமாக இயற்பியலோ கணிதமோ உயிரியல் பாடமோ இருக்கும். லேப் வகுப்பும் கட்டாயம். மணிக்கணக்கில் நின்றுகொண்டு பியூரெட்டில் இருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினால் விடை தப்பு. பொறுமையும் கைநிதானமும் உள்ள பிள்ளைக்கு இது பிடிக்கும். பூத்தையல் போடுகிற, கோலத்தில் புள்ளி தவறாமல் வைக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்தக் கைநிதானம் இருக்கிறது.

அமிலம் என்றால் பல அம்மாக்களுக்குப் பயம். பயம் நியாயம்தான், ஆனால் முறை தெரிந்தால் ஆபத்து குறைவு. அமிலத்தைத்தான் தண்ணீரில் மெதுவாக ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். லேப்புக்குப் போகும் நாளில் பருத்தி உடை, பின்னிக் கட்டிய தலைமுடி, மூடிய செருப்பு, மேலே லேப் கோட்டு, கண்ணுக்குக் கண்ணாடி. இவற்றை நீங்களும் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. தவறாக நினைக்கும் மூன்று விஷயங்கள்

முதலாவது: "கெமிஸ்ட்ரி படித்தால் மெடிக்கல் கடை வைக்கலாம்." இது தவறு. மருந்துக் கடையில் மருந்து கொடுக்க டி.பார்ம் அல்லது பி.பார்ம் படித்து மருந்தாளுநராகப் பதிவு செய்திருக்க வேண்டும். 1948-ம் வருட மருந்தியல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைப் பலகையில் 'கெமிஸ்ட்' என்று எழுதியிருப்பதால் வந்த குழப்பம் இது.

இரண்டாவது: "ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை கிடைக்கும்." அதற்கு மருத்துவ ஆய்வக நுட்பம் என்ற தனிப் படிப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரி லேப் வேலைதான் ஆசை என்றால் முதலிலேயே அதில் சேர்ப்பது நல்லது.

மூன்றாவது: "வேதியியலும் கெமிக்கல் இன்ஜினியரிங்கும் ஒன்று." இல்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் நான்கு வருடப் பொறியியல் படிப்பு. தொழிற்சாலையை வடிவமைத்து ஓட்டுவது பற்றியது. வேதியியல் என்பது பொருளைப் பற்றிய அறிவியல் படிப்பு. சேரும் முறையும் வேறு.

4. படித்த பிறகு என்னென்ன வழி?

வழி 1: தொழிற்சாலை லேப்.
மருந்து, பெயிண்ட், சிமெண்ட், சர்க்கரை, தோல், சாயம், உணவுப் பொருள் - எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் வரும் மூலப்பொருளையும் போகும் சரக்கையும் சோதித்துத்தான் ஆக வேண்டும். பி.எஸ்சி. முடித்தவர்களை இந்தத் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு எடுக்கிறார்கள். பால் சங்கத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத்தானே லிட்டருக்கு விலை போடுகிறார்கள்? அந்தப் பரிசோதனையின் பெரிய வடிவம்தான் பால் பண்ணை லேப்பில் நடப்பது. கரும்பாலையிலும் சாறில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க லேப் உண்டு.

திருப்பூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு நொய்யல் கதை தெரியும். சாயக்கழிவு ஆற்றில் கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் தண்ணீரைத் தினம் சோதிக்க வேதியியல் படித்தவர்கள் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் பி.எஸ்சி.யோடு சேர்ந்தால் முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. ஷிப்ட் வேலையும் இருக்கலாம். இரண்டு மூன்று வருட அனுபவமும், கருவிகளை இயக்கத் தெரிந்த கையும் வந்தால் சம்பளம் ஏறும். சேரும் முன் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, தங்குமிடம் எப்படி, இரவு வண்டி வசதி உண்டா என்று கேளுங்கள்.

வழி 2: தண்ணீர், உணவு, சுற்றுச்சூழல்.
குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் லேப் உண்டு. இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துத் தோழிகளைக் கேளுங்கள். நிலத்தடி நீரில் புளோரைடு கூடினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். இன்னும் கூடினால் எலும்பு வளையும். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாதபோது 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தண்ணீரைப் பார்த்தாலோ குடித்துப் பார்த்தாலோ இது தெரியாது. சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நம்ம ஊர்ப் பிள்ளையாக இருந்தால் ஊருக்கே நல்லது.

வழி 3: ஆசிரியர் வேலை.
பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் பி.எட். படித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றால் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் வேலைக்குப் போட்டியிடலாம். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். போட்டி அதிகம்; தகுதித் தேர்வில் பாஸ் என்பதாலேயே அரசு வேலை உறுதி இல்லை. தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே தயாராகிறவர்கள் நிறையப் பேர்.

வழி 4: மேல்படிப்பும் ஆராய்ச்சியும்.
எம்.எஸ்சி. இரண்டு வருடம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு 'நெட்' தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால், முனைவர் பட்டம் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட தொகை இது. படிக்கும் பெண்ணுக்குச் சம்பளம் போல! இதைப் பல குடும்பங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும், சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. காரைக்குடி நிலையத்தின் முதல் பெண் இயக்குநராக இருந்தவர் முனைவர் கலைச்செல்வி. திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு படித்தவர். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி செய்தவர். நாடு முழுதும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களை நடத்தும் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1942-ல் தொடங்கியது. அதன் தலைமை இயக்குநராக 2022 ஆகஸ்டில் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவரே.

வழி 5: எந்தப் பட்டமும் போதும் என்ற தேர்வுகள்.
டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வுகளில் பல பதவிகளுக்குப் பட்டம் இருந்தால் எழுதலாம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருந்தால்தான் இது பொருந்தும். அதனால் கல்லூரியில் தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று தேர்வு செய்யும்போது இதையும் யோசியுங்கள். வெளிமாநில வேலை, ஆராய்ச்சி என்று போகிற பிள்ளைக்கு ஆங்கிலம் உதவும். தமிழ் வழியில் சேர்ந்தாலும் ஆங்கிலப் பெயர்களைச் சேர்த்தே படித்துக்கொள்ளலாம்.

5. சேரும் முன் பார்க்க வேண்டியவை

* அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கட்டணம் தனியாரை விட மிகக் குறைவு. இணையத்தில்தான் விண்ணப்பம், வீட்டில் வசதி இல்லாவிட்டால் பிள்ளை படித்த பள்ளியிலோ இ-சேவை மையத்திலோ கேளுங்கள். ரிசல்ட் வந்தபின் நாள் குறைவாகத்தான் இருக்கும்.
* சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் - நான்கையும் ரிசல்ட்டுக்கு முன்பே தயார் செய்யுங்கள். சான்றுகளில் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.
* 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2024-ல் விரிவாக்கினார்கள். இதற்கும் மற்ற உதவித்தொகைகளுக்கும் இந்த வருடம் எப்படி விண்ணப்பிப்பது என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.
* படிப்பின் பெயரைக் கவனியுங்கள். சில தனியார் கல்லூரிகள் புதுப்புதுப் பெயர் வைக்கின்றன. அந்தப் பட்டம் அரசு வேலைக்கு பி.எஸ்சி. வேதியியலுக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம் படித்தும் ஆசிரியர் தேர்வு விண்ணப்பத்தில் தள்ளுபடி ஆகலாம்.
* "அட்வான்ஸ் கட்டினால் வேலை உறுதி" என்று வரும் ஏஜெண்டிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாமல் எந்தப் பணமும் கட்டாதீர்கள்.
* ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்தது. சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.
* லேப்பை நேரில் பாருங்கள். பிள்ளைகள் செய்முறை செய்கிறார்களா, பாட்டில்கள் தூசி படிந்து கிடக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

6. பணத்துக்கு என்ன வழி?

கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கிகள் தர வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் அவ்வளவு தேவைப்படாது. பெரும்பாலும் சேரும் நேரத்துக் கட்டணம், புத்தகம், லேப் கோட்டு, விடுதி முன்பணம் இவற்றுக்குத்தான் கை கடிக்கும். அந்த அவசரத்தில்தான் கந்துவட்டிக்குப் போகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20,000 ரூபாயை நூற்றுக்கு 5 ரூபாய் மாத வட்டிக்கு வெளியில் வாங்கினால், மாத வட்டி 1,000 ரூபாய். 20 மாதத்தில் 20,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருப்போம். அசல் 20,000 அப்படியே நிற்கும்.

அதே 20,000 ரூபாயைக் குழுவில் உள்கடனாக, நூற்றுக்கு 1 ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டினால், முதல் மாத வட்டி 200, அடுத்த மாதம் 190, அப்படியே குறைந்து கடைசி மாதம் 10. 20 மாதத்தில் மொத்த வட்டி 2,100 ரூபாய். அசலும் தீர்ந்திருக்கும். அந்த 2,100 ரூபாயும் குழுப் பணமாக நம்மிடமே இருக்கும்.

அதனால் ஒவ்வொரு குழுவும் மே, ஜூன் மாதங்களில் கல்விக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்கத் தீர்மானம் போடலாம். எந்த உறுப்பினர் வீட்டில் பிளஸ் டூ படிக்கிறார்கள் என்று ஜனவரியிலேயே பட்டியல் எடுத்தால் கடைசி நேர ஓட்டம் இருக்காது.

7. வீட்டில் பேசும்போது

"கட்டிக் கொடுக்கப் போற பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்பவர்களோடு சண்டை போட வேண்டாம். கணக்காகப் பேசுங்கள். அரசுக் கல்லூரியில் மூன்று வருடம் படிக்க வைக்க ஆகும் செலவையும், கல்யாணத்துக்கு ஒரே நாளில் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கணவர் வேலைக்குப் போக முடியாமல் போனாலோ, வேறு கஷ்டம் வந்தாலோ, நகை அடகுக்குப் போய்விடும்; பட்டத்தை யாரும் அடகு பிடிக்க முடியாது. நம் குழுக்களிலேயே இதை அனுபவித்த அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களை அந்த வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பேச வையுங்கள். நான் பேசுவதை விட அவர்கள் பேச்சு எடுபடும்.

எல்லாப் பிள்ளைக்கும் வேதியியல்தான் என்றும் சொல்லவில்லை. கணக்கும் லேப்பும் பிடிக்காத பிள்ளையை மார்க் இருக்கிறதே என்று தள்ளினால் அரியர் விழும், மனசு உடையும். முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்: "உனக்குப் பிடிச்சிருக்கா?"

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்:

1. நம் குழுவில் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? என்ன படிக்க ஆசை?
2. நம் ஊருக்குப் பக்கத்தில் வேதியியல் உள்ள அரசுக் கல்லூரி எது? பேருந்து எத்தனை மணிக்கு?
3. நம் வட்டாரத்தில் லேப் உள்ள தொழிற்சாலை, பால் பண்ணை, குடிநீர்ப் பரிசோதனைக்கூடம் எவை? ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட முடியுமா?
4. கல்விக் கடனுக்காகக் குழுவில் எவ்வளவு ஒதுக்கலாம்? யார் யாருக்கு முன்னுரிமை?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் கொண்டு வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தச் சான்று என்று சந்தேகம் இருந்தால் களப்பணியாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பெற்றோர் சேர்ந்து கல்லூரிக்குப் போக விரும்பினால் ஒரு நாள் குறித்து எல்லோரும் ஒன்றாகவே போய் வரலாம்.

வாழ்த்துக்களுடன்,
கள ஒருங்கிணைப்பாளர்